சுரங்கத்தில் உழைத்தோருக்கு ஓர் அருங்காட்சியகம்
(வெள்ளி விழாவையொட்டி அஞ்செட்டியில் நிகழ்த்திய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பள்ளியைப் பற்றியும் ஏட்டைப் பற்றியும் பேசி வந்துள்ளது. இன்று ஏட்டில் ஏறாத ஒரு வரலாற்றைப் பேச விழைகிறோம். நாம் கேட்பது கோலார் தங்கவயலுக்கு ஓர் அருங்காட்சியகம். அதிலும் குறிப்பாக, சுரங்கத்தில் இறங்கியவர்களின் அருங்காட்சியகம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்றொரு பகுதி உண்டு. அங்கே செயின்ட் ஆஸ்டல் நகரை ஒட்டிய குன்றுகளில் பீங்கானுக்கும் காகிதத்துக்கும் பயன்படும் வெண்களிமண் கிடைக்கிறது. வீல் மார்ட்டின் என்னும் பழைய களிமண் தொழிற்களம் 1975-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நீர்ச்சக்கரத்தையும், களிமண் தெளியவிட்ட தொட்டிகளையும், உலர்த்திய சூளையையும் இருந்த இடத்திலேயே காத்து வைத்துள்ளனர். கட்டிகளில் ஒட்டிய மணலைச் சுரண்டி எடுத்த பெண்களின் உழைப்பும் அவ்வூர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. மண் அள்ளிய வேலையை வரலாறு என்று சொல்ல அவர்கள் கூசவில்லை.

கார்ன்வாலுக்கும் நமக்கும் என்ன உறவு என்பீர்கள். உறவு உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால்வைத்தபோது, மேற்பார்வைக்கு வந்தவர்களில் பலர் கார்ன்வால் சுரங்கத்தாரே. அடியில் இறங்கிப் பாறை உடைத்தவர்களோ வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பிச் சென்ற நம் மக்கள். நம் அஞ்செட்டியும் 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஒரே சுரங்கத்தில் உழைத்த இரு சாராருள் ஒரு சாராரின் ஊர்ச் சுரங்கங்கள் 2006-இல் உலக மரபுச் சின்னமாயின. மறு சாராரின் கதை லைன் வீடுகளின் திண்ணையில் பேச்சாகவே நிற்கிறது.

அக்கதை சிறியதன்று. 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுசென்றனர். அந்த அருவியில் வீழ்ந்த காவிரிதான் பின்னர் நம் அஞ்செட்டிக் காடுகளை ஒட்டி ஒகேனக்கல்லுக்கு வருகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. அந்த ஆழத்தில் பாறை சூடேறிக் கொதிக்கும். அழுத்தம் தாளாமல் திடீரென வெடித்துச் சிதறும். அச்சுரங்கத்தின் அடியில்தான் 1965-இல் விஞ்ஞானிகள் நியூட்ரினோத் துகளின் தடயத்தைக் கண்டனர். (அந்த அறிவியலுக்கு நம்மவர் தோண்டிய குழி இடம் கொடுத்தது என்பதைப் பாடநூல் எழுதுவோர் ஒரு வரியிலேனும் சேர்த்தால் நலம்.)

வெட்டியெடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். உழைத்தவனின் பங்கு என்ன? 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைச் சோதித்த ஆய்வொன்று, 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் இருக்கக் கண்டது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து, அதை மெல்லத் தழும்பாக்கி இறுக்கிவிடும் நோய் அது. மாற்று மருந்து கிடையாது. இந்தக் கணக்கு அருங்காட்சியகத்தின் முதல் சுவரிலேயே எழுதப்பட வேண்டும் என்போம்.

நோயையும் சாவையும் மட்டும் காட்டி இரக்கம் தேடுவதும் நமக்கு ஒவ்வாது. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயல் ஓர் உறுதியான வாசகர் களம். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வேரூன்றியது. நின்றுபோன 'தமிழன்' 1926-இல் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. 1930 ஏப்ரலில், தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்துச் சுரங்கமே வாரக்கணக்கில் நின்றது. குற்றவாளியைப் போல் ரேகை வைக்க மாட்டோம் என்ற மான உணர்ச்சி அது. கூலிக்குப் போனவர்கள் அங்கே படித்தார்கள், விவாதித்தார்கள், அச்சிட்டார்கள். நம் சங்கம் போன்றவற்றின் முன்னோர் யாரென்று கேட்கும் இளைஞருக்கு இதுவே விடை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று ஊரைச் சுற்றிச் சயனைடு மேடுகள் நிற்கின்றன. காற்றடித்தால் அதன் தூசி வீடுகளுக்குள் வருகிறது. கார்ன்வாலிலும் களிமண் கழிவு வெள்ளை மலைகளாய்க் குவிந்து நின்றது. அதை அவர்கள் காட்சிப் பொருளாக்கினர். நம் மேடுகளை அப்படிச் செய்வதற்கு முன், அவற்றின் நஞ்சைத் தடுக்கும் பணி நடந்தாக வேண்டும்.

கட்டடம் எழுப்ப அரசின் கை வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகலாம். பொருள்களோ காத்திரா. கார்பைடு விளக்குகள் பழைய இரும்புக்கடைக்குப் போகின்றன. கூலிச் சீட்டுகளைக் கரையான் தின்கிறது. பேசக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஆகவே நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கக் கோருகிறோம். விளக்கு, தலைக்கவசம், அடையாளச் சீட்டு, லைன் வீட்டில் எடுத்த ஒரு புகைப்படம் எதுவாயினும் வரலாம். தருபவர் பெயர், பயன்படுத்தியவர் பெயர், அவர் இறங்கிய சுரங்கம், செய்த வேலை ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதவேண்டும். பொருளைக் கொடுக்க மனமில்லாதவரிடம் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தரலாம். கல்லூரி மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கவயல் சென்று, முதியவர்களின் பேச்சை அவர்கள் பேசும் தமிழிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இலக்கணம் திருத்த வேண்டா. பதிவேடு இக்கூட்டம் முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையில் இருக்கும்.