மனசைப் படிக்கிற படிப்பு

நான் எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கிறேன்.

இந்தப் படிப்பை எடுக்கிறேன்னு சொன்ன அன்னைக்கு எங்க அப்பா கேட்டார்: "பைத்தியம் பிடிச்சவங்களோட உட்காரவா உன்னைப் பெத்தேன்? நாளைக்கு எவன் கட்டிக்குவான்?"

ஐயா, மருந்து எழுதுகிற மனநல மருத்துவர் வேறு. பேசவைத்து, சோதித்து, மனசுக்குப் பயிற்சி தருகிற உளவியலாளர் வேறு. 1916-லேயே கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித்துறை வந்துவிட்டது. படித்தால் பள்ளி ஆலோசகர் ஆகலாம், கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவுக்குப் போகலாம், ஆராய்ச்சி செய்யலாம். ஆனால் எம்.எஸ்ஸி. முடிச்சதுமே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட பயிற்சியும் பதிவும் வேணும்.

இவ்வளவு கஷ்டம் எதுக்குன்னு கேட்பீங்க. என் தம்பி ப்ளஸ் டூவில் தோற்றபோது மூணு மாசம் யாரோடயும் பேசலை. மந்திரிச்சோம், கயிறு கட்டினோம். "உனக்கு என்னடா கஷ்டம்?"னு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க மட்டும் எங்க வீட்டில் யாருக்கும் தெரியலை, ஐயா.

போன மாசம் பக்கத்து வீட்டம்மா தன் மகன் தூங்குறதே இல்லைன்னு அழுதாங்க. "என் பொண்ணைக் கேளுங்க, அவ இதைத்தான் படிக்கிறா"ன்னு சொன்னவர் யார் தெரியுமா? எங்க அப்பா!

நான் இன்னும் மாணவிதான். அந்தப் பையனை என் பேராசிரியையிடம் அழைச்சிட்டுப் போனேன். பட்டம் அடுத்த வருஷம் வரட்டும், ஐயா. எங்க அப்பா கையால எனக்கு அன்னைக்கே கிடைச்சிடுச்சு!