குடியை விட்டவருக்குக் குடும்பமும் ஒரு மருந்து

(மேடவாக்கத்தில் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, கருத்தடை இவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை முக்கியந்தான். ஆனால் ராத்திரி வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு மூலையில் ஒண்டிக்கொள்ளும் வீட்டில் எந்த நலமும் தங்காது. அதனால்தான் இன்று குடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குடிக்காதே என்று உபதேசம் செய்யப் போவதில்லை. அதை ஊரே சொல்லி அலுத்துவிட்டது. குடியை விட முன்வந்தவருக்கு வீட்டார் எப்படித் துணை நிற்பது என்பதே இன்றைய பேச்சு.

நம் மேடவாக்கம் பக்கம் கொத்தனார், சித்தாள், பெயிண்டர், லோடு வண்டிக்காரர் என்று நாள் கூலி வாங்குபவர்கள் நிறைய. உடம்பு அலுத்துப்போகும் நேரமும் கையில் பணம் வரும் நேரமும் ஒன்றாக இருக்கிறது. அங்கேதான் ஆபத்து. இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மதுவால் கெட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் நாட்டில் சுமார் 5 கோடி 70 லட்சம் பேர்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மிதமிஞ்சிய குடி ஒரு நோய். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு மாதிரி வைத்தியம் பார்த்துக் கட்டுக்குள் வைக்க வேண்டிய நோய். "நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?" என்று மருமகளைக் கேட்கும் மாமியார்களே, தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். மனைவியின் சமையலோ, கால் ராசியோ, வரதட்சணைக் குறையோ இந்த நோயைக் கொண்டுவருவதில்லை.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. தினமும் நிறையக் குடிப்பவர் "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது. உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது அதைவிட நல்லது.

மூன்றாவது, "புருஷனுக்குத் தெரியாம சாம்பாரில் கலந்து கொடுங்க, குடியை மறந்துடுவார்" என்று விற்கும் பொடிகள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. 1948-ல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் டைசல்பிரம் என்ற மருந்தின் பயனைக் கண்டார்கள். அதைச் சாப்பிடுபவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரை சாப்பிட்டு இரண்டு வாரம் வரையிலும் இந்த விளைவு இருக்கக்கூடும். ஆகவே டாக்டர் பரிசோதித்து, அவரும் தெரிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. திருட்டுத்தனமாகக் கொடுப்பது வைத்தியமல்ல, விஷப்பரீட்சை.

சரி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், நடுக்கம் நின்றது, வீட்டுக்கு வந்துவிட்டார். அதோடு முடிந்ததா? இல்லை. அங்கேதான் குடும்பத்தின் வேலை தொடங்குகிறது.

இதைத் தன் வாழ்க்கையிலேயே கண்டவர் சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார். குடியால் அவர் கணவர் 1979-ல் இறந்தார். செல்வாக்குள்ள குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் இந்த நோய்க்கென்று முறையான வைத்தியம் அன்று சென்னையில் கிடைக்கவில்லை. மற்றக் குடும்பங்களுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று 1980-ல் கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் அதன் டி.டி.கே. மருத்துவமனை நடக்கிறது. அங்கே குடித்தவருக்கு மட்டும் வைத்தியம் இல்லை. மனைவியோ, தாயோ, அண்ணனோ வந்து தனியாகவும் கூட்டாகவும் ஆலோசனை பெற வேண்டும். 1989 முதல் தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்திலும் முகாம் போட்டு இதே முறையில் வைத்தியம் செய்தார்கள். 1992-ல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வீட்டாரை வைத்தியத்தில் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களைக் கூடாரம் போட்டுத் தங்கவைத்து வைத்தியத்தில் பங்கெடுக்க வைத்தார். குடிப்பவர்களின் வீட்டாருக்கென்றே அமெரிக்காவில் 1951-ல் அல்-அனான் என்ற சங்கம் ஏற்பட்டது. சென்னையிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன.

"நான் குடிக்கலையே, எனக்கு எதுக்கு ஆலோசனை?" என்று சில அக்காமார்கள் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். அவர் குடித்துக் கிடந்த காலத்தில் கடன் வாங்கியது, ரேஷன் வாங்கியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நீங்கள்தான். மூத்த பையன் பத்து வயதிலேயே பெரிய மனுஷன் ஆகிவிட்டான். இப்போது அப்பா தெளிந்து வந்து, "இந்த வீட்டுக்கு நான்தான் தலைவன்" என்கிறார். உங்களுக்கோ நம்பிக்கை வரவில்லை. பையனோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்கு மனம் நோகிறது. பழைய சிநேகிதர்கள் கூப்பிடுகிறார்கள். யாருமே கெட்டவர்களில்லை, ஆனாலும் வீடு மறுபடி சறுக்குகிறது. இந்த முடிச்சை எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து அவிழ்ப்பதுதான் குடும்ப ஆலோசனை.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டிய சில வழிகளைச் சொல்கிறேன்.

1. தினமும் "வாயை ஊது" என்று சோதனை போடாதீர்கள். சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். ஐயா, நீங்களும் கேட்டதற்குக் கோபப்படாதீர்கள். பல வருஷம் உடைத்த நம்பிக்கை பத்து நாளில் ஒட்டாது.

2. கூலிப் பணம் யாரிடம் இருப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். முதல் சில மாதம் மனைவியிடம் கொடுத்து வைப்பது கௌரவக் குறைச்சல் அல்ல. பிறகு கொஞ்சங்கொஞ்சமாகப் பொறுப்பு அவர் கைக்கு வரட்டும்.

3. பழைய கதையைச் சண்டைக்கு நடுவில் எடுக்காதீர்கள். "அன்னிக்கு என் தாலியை வித்துக் குடிச்சியே" என்ற வேதனை உண்மையானது. அதை ஆலோசகர் முன்னிலையில் சொல்லுங்கள். அங்கே சொன்னால் புண் ஆறும்.

4. அவர் செய்ததை மூடி மறைக்காதீர்கள். மேஸ்திரியிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதும், சாராயக் கடனை நீங்கள் அடைப்பதும் அன்பு போலத் தோன்றும். குடியின் நஷ்டம் அவருக்கு உறைக்காமல் போவதுதான் அதன் பலன்.

5. பசி, கோபம், தனிமை, அலுப்பு இந்த நான்கும் குடியை ஞாபகப்படுத்தும். வேலை முடிந்து வந்ததும் சாப்பாடு, குளியல், பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் என்று பழக்கப்படுத்துங்கள். கல்யாணம், கருமாதி, திருவிழா நாட்களில் தனியாக அனுப்ப வேண்டாம்.

6. மனைவி மேல் வீண் சந்தேகம் கொள்வது நீண்ட நாள் குடித்தவர்களிடம் அதிகம் காணும் குணம். தெளிந்த பிறகும் அது நீங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். தாம்பத்தியம் பழையபடி சீராகச் சில மாதம் ஆகலாம். இருவரும் பொறுமையாக இருங்கள்.

மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டால்? "எல்லாம் போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். போதையில் இருக்கும்போது வாதாடவும் வேண்டாம். மறுநாள் தெளிந்ததும் "வாங்க, டாக்டர்கிட்ட போவோம்" என்று அழைத்துப் போங்கள். வழுக்கி விழுவது இந்த நோயில் உண்டு. எவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிறோம் என்பதே முக்கியம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். துணை நிற்பது என்றால் அடி வாங்கிக்கொண்டு கிடப்பது அல்ல. கை நீட்டினால் பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போங்கள். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181. அவர் திருந்த மறுத்தாலும் நீங்கள் தனியாக ஆலோசனைக்குப் போகலாம். வீட்டில் ஒருவர் தெளிந்தாலே பிள்ளைகளுக்குப் பாதி நிம்மதி.

முதலில் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மன வேதனைக்கு 14416 என்ற எண்களில் காசில்லாமல் பேசலாம்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, டி.வி.யை நிறுத்திவிட்டு, கணவனும் மனைவியும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். "நாளைக்கு நாம ரெண்டு பேருமே போய் டாக்டரைப் பார்ப்போமா?" என்று யாராவது ஒருவர் கேளுங்கள். "நீ போ" என்று சொல்லாமல் "நாம போவோம்" என்று சொல்லுங்கள். அவருக்குத் துணிச்சல் வரும்.