மீட்டர் மாறும்போது விழித்திருங்கள்!

 

ஸ்மார்ட் மீட்டர் திட்டம் 2024 டிசம்பரில் டெண்டர் ரத்தானதால் தள்ளிப்போனதே தவிர, கைவிடப்படவில்லை. "பில் ஏறுமா?" என்று நம் தாய்மார்கள் கேட்கிறார்கள். பழைய மீட்டர் குறைத்துக் காட்டியிருந்தால் ஏறும். அதில் நமக்கு முறையீடு கிடையாது. அளவு நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் 83வது அத்தியாயம் மின்வாரியத்துக்கு மட்டுமா? தராசு பிடிக்கும் நமக்கும்தான்!

ஆனால், இந்த மீட்டர் எவ்வளவு என்பதோடு எந்த நேரத்தில் என்பதையும் குறித்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது இதைத்தான். மத்திய அரசு 2023ல் திருத்திய விதிகள், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதமும் வணிகத்துக்கு 20 சதவீதமும் கூடுதல் கட்டணம் என்கின்றன. பகலில் சலுகையாம்! நோன்பு திறப்பதும் தராவீஹ் தொழுவதும் பகலிலா? கடைத்தெருவில் வியாபாரம் சூடுபிடிப்பதே மாலையில் அல்லவா? நம் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் இது வேண்டாம் என்று ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். அங்கே நம்மவர்களைக் காண்பது அரிதாக இருக்கிறது.

ரீடிங்கில் சந்தேகமா? எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2024ல் வந்த திருத்தப்படி 5 நாட்களுக்குள் கூடுதல் மீட்டர் பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். முன்பணம் கட்டும் மீட்டர் என்றால், 2003 மின்சாரச் சட்டம் 47(5) பிரிவின்படி டெபாசிட் கேட்க முடியாது.

பழைய மீட்டரைக் கழற்றும் முன் கடைசி ரீடிங்கைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இளைஞர்களே, தனித்து வாழும் முதியோர் வீடுகளுக்கு நீங்களே போய் எடுத்துக் கொடுங்கள்.