அட்டைப்பெட்டியில் இருந்த செருப்பு

(செம்பாக்கத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் பேசியது)



கட்டட வேலை செய்யும் சகோதரர் ஒருவர் பாதப் புண்ணோடு மூன்றாம் முறையாக எங்கள் வார்டுக்கு வந்தார். தொழுநோய் அவருக்கு எப்போதோ குணமாகிவிட்டது. பாதத்தில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. ஆணி குத்தினாலும் தெரியாது, சுடுமணலும் தெரியாது. உங்கள் காணிக்கையில் வாங்கிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பு வீட்டில் அட்டைப்பெட்டியில் புதிதாகவே இருந்தது.

"ஏன் போடவில்லை?" என்று கோபமாகவே கேட்டேன்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போனா மேஸ்திரி கண்டுபிடிச்சிடுவாரு ஐயா. புண்ணு வந்தா உங்ககிட்ட வரலாம். வேலை போனா யாருகிட்ட போறது?"

செமினரியில் இதற்கு எனக்குப் பாடம் நடத்தவில்லை.

1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படுகிற காயங்களால்தான் அழிகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். அதன் பிறகே செருப்பும் ஒரு மருந்தாயிற்று. எம்.சி.ஆர். என்பது நுண்ணிய காற்றறைகள் கொண்ட மிருதுவான ரப்பர். உடல் எடையை ஒரே இடத்தில் அழுத்தவிடாமல் பாதம் முழுவதும் பரப்பும். ஆணி அடிக்காமல் தைத்தும் ஒட்டியும் செய்வார்கள். கழன்று விழுந்தாலும் கால் உணராது என்பதால் பின்னால் ஒரு வார் உண்டு.

அந்தக் கறுப்பு ரப்பரும் அகலமான வார்களுமே காட்டிக்கொடுத்துவிட்டன. தெருவில் பார்த்தவுடன், "அந்த நோய்க்காரர் செருப்பு" என்றார்கள். (நானும் வேதாகமத்தின் பழைய சொல்லான 'குஷ்டரோகி'யைப் பிரசங்க பீடத்தில் யோசிக்காமல் சொல்லி வந்தவன்தான்.) நாற்று நடும் சகோதரிகளுக்கோ வேறு சங்கடம். சேற்றில் எந்தச் செருப்பு நிற்கும்?

1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை உண்டு. 2005 டிசம்பரில் நம் தேசத்தில் நோயாளிகள் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. மருந்து கிருமியைக் கொல்லும்; செத்த நரம்புக்கு உயிர் கொடுக்காது. ஆகவே குணமானவர்களுக்கும் ஆயுள் முழுவதும் செருப்பு வேண்டும்.

இப்போது எங்கள் செருப்புப் பட்டறையில் கடைச் செருப்பைப் போலவே பழுப்பு நிறத்தில் செய்து, உள்ளே அதே ரப்பரை வைக்கிறோம். செலவு கூடுகிறது. இன்று உங்களிடம் கேட்க வந்தது அந்தக் கூடுதல் தொகையைத்தான்.

அந்தச் சகோதரர் புதுச் செருப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "கடையில வாங்கினதா ஐயா?" என்றார். பிறகு அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினார்.