தோத்தாலும் கை குடுப்போம்



விளையாட்டு விழான்னா கபடி, மியூசிக்கல் சேர், கயிறு இழுக்குறது எல்லாம் இருக்கும். கூடவே "அவ கோட்டைத் தாண்டிட்டா"ங்கிற சண்டையும் வரும். அந்தக் கோபம் அடுத்த குழுக் கூட்டம் வரைக்கும் வந்துவிடுகிறது. ஒருத்தி கடன் கேட்டால், இன்னொருத்தி தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட யோசிக்கிறாள்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் ஈட்டி எறிதல். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து, ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வாங்கினார். டோக்கியோவில் தங்கம் வாங்கியிருந்த நம்ம நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்தார், வெள்ளிதான் கிடைத்தது. நீரஜோட அம்மா சரோஜ் தேவி என்ன சொன்னாங்க தெரியுமா? வெள்ளியே சந்தோஷம், தங்கம் வாங்கினவனும் நம்ம பிள்ளைதான்னு சொன்னாங்க. நதீமோட அம்மாவும் நீரஜ் தனக்கு மகன் மாதிரி என்றார்.

அவங்களுக்கு நடுவில் ஒரு நாட்டு எல்லையே இருக்கு. நமக்கு நடுவில் இருப்பது சுண்ணாம்புக் கோடு மட்டும்தான். நடுவர் சொன்னதை ஏத்துக்குவோம். தோத்தவ முதல்ல கை குடுக்கட்டும். ஜெயிச்சவ கேலி பேசாம இருக்கட்டும். பரிசுக் குடம் ஒரு வீட்டுக்குத்தான் போகும். அடுத்த கூட்டத்தில் நாம எல்லாரும் ஒரே பாயில் உட்காரணும்.