அக்கிரிலிக் பலகையில் சீரான வெண்பொறிப்பு
(பொலிதேயாமா வட்டாரத் தமிழ் இளையோருக்கான தொழில் அறிமுக உரை)



கடைக்கோ வீட்டு வாயிலுக்கோ தமிழில் பெயர்ப்பலகை பொறிப்பதற்கு லேசர்ப் பொறி மட்டும் போதாது. எழுத்தறிந்த கண்ணும் வேண்டும். ணகரத்துக்குச் சுழி மூன்று, னகரத்துக்கு இரண்டு. புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். பனி படர்ந்தாற்போன்ற வெண்மை திட்டுத்திட்டாக விழும்போது முதலில் கெடுபவை இச்சுழிகளும் புள்ளிகளுமே. வாடிக்கையாளர் பலகையைத் திருப்பித் தருவதும் பெரும்பாலும் இதனாலேயே.

வெண்மையின் தரத்தில் பெரும்பகுதி பலகை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. பிளெக்சிகிளாஸ் என்பது 1933இல் செருமனியில் பதிவான ஒரு வணிகப்பெயர். இத்தாலியில் இன்று எல்லா அக்கிரிலிக்கையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். ஆகவே, "பிளெக்சிகிளாஸ்" என்று மட்டும் கேட்டால் எவ்வகை கிடைக்குமெனச் சொல்ல இயலாது. அச்சில் வார்த்த வகையைக் "கொலாத்தோ" என்றும், உருக்கிப் பிதுக்கிய வகையை "எஸ்த்ரூசோ" என்றும் இங்குள்ள விற்பனையாளர் கூறுவர். நமக்கு வேண்டியது கொலாத்தோ. லேசர் பட்டவுடன் அதன் மேற்பரப்பு ஆவியாகி, நுண்ணிய சொரசொரப்பை விட்டுச் செல்கிறது. அதில் ஒளி சிதறுவதே நாம் காணும் வெண்மை. எஸ்த்ரூசோ எளிதில் உருகி வழிந்து, மறுபடியும் தெளிவாகவே இறுகும். விலை குறைவென்று அதை வாங்கினால் எந்த அளவீடும் கைகொடுக்காது. ஐயமிருப்பின் ஒரு துண்டில் பொறித்துப் பாருங்கள்.

அடுத்தது ஆற்றல். வெண்மை போதவில்லை என்றதும் ஆற்றலைக் கூட்டுவது பலரது வழக்கம். அது பள்ளத்தையே ஆழமாக்கும். 60 வாட் கரியமிலவாயு லேசரில் 15 விழுக்காடு ஆற்றல், வினாடிக்கு 300 மி.மீ. வேகம் என்று தொடங்கி, கழிவுத்துண்டில் சிறு கட்டங்களாகச் சோதித்துக்கொள்ளலாம். கண்ணாடிக்குழாய் உடைய பொறிகளில் 10 விழுக்காட்டுக்குக் கீழே கதிர் விட்டுவிட்டு எரியும். மிதமான வெப்பம் வேண்டுமெனில் ஆற்றலை அதற்கும் கீழே இறக்காமல் வேகத்தைக் கூட்டுக. வரியிடைவெளி 0.1 மி.மீ. அளவில் இருக்கட்டும். அப்போதும் கோடுகள் தெரிந்தால், குவியத்தை 1 அல்லது 2 மி.மீ. விலக்குங்கள், கதிர்ப்புள்ளி அகன்று வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வார்த்த பலகையின் தடிப்பு ஓரத்துக்கு ஓரம் சற்றே மாறுவதால், குவியத்தை நான்கு மூலைகளிலும் சரிபார்த்தல் நலம்.

பொறிக்கும் பக்கத்துக் காப்புத்தாளை உரித்துவிடுங்கள். புகை உறிஞ்சும் வாய்க்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி அதை நோக்கிப் பொறித்துச் சென்றால், முடிந்த பகுதியின்மேல் தூசி படியாது. எழுத்தின் விளிம்பை மட்டும் கோடாக வரையும் முறையில், வளைவுகளில் தலைப்பகுதி வேகம் குறைந்து, சுழிகள் ஆழமாக எரியும். ஆகவே வரிவரியாக நிரப்பும் முறையையே தேர்ந்தெடுக்க. இன்னொன்று: சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம்மாறித் தோன்றும். வடிவமைப்பிலேயே எழுத்தை உருவக்கோடுகளாக மாற்றிய பின்னரே பொறிக்கு அனுப்புங்கள். பின்புறத்தில் பொறிப்பதாயின் இடவலம் மாற்ற மறவாதீர்.

முடிந்ததும் மென்சோப்பு கலந்த நீரும் மென்துணியுமே போதும். மதுசாரமும் கண்ணாடி துடைக்கும் அமோனியா நீர்மமும் பொறித்த இடத்தில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். அக்கிரிலிக் தீப்பற்றும் பொருள். பொறி ஓடும்போது, "ஒரு தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போகலாகாது. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். புகையை வெளியேற்றும் குழாயின்றி வீட்டறையில் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம். இன்னதென்று தெரியாத பிளாஸ்டிக் துண்டை எவரேனும் கொண்டுவந்து பொறிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது பி.வி.சி.யாக இருப்பின், அதிலிருந்து எழும் ஐதரசன் குளோரைடு வாயு உங்கள் நுரையீரலையும் பொறியின் ஆடிகளையும் ஒருசேர அரித்துவிடும்.