கட்சி கடந்த கணக்கு: ஆர்.கே. சண்முகம் செட்டியார்

ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1892 அக்டோபர் 17 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து வக்கீலானார். கோர்ட்டு வாசலில் அவர் நிற்கவில்லை. ஊர்ப்பொது வேலைக்கு வந்துவிட்டார். 1917இல் கோவை நகரசபை, 1920இல் நீதிக்கட்சி சார்பில் சென்னைச் சட்டசபை, பிறகு சுயராஜ்யக் கட்சி, டெல்லி மத்திய சட்டசபை என்று படிப்படியாக ஏறினார்.

கட்சி மாறியவர் என்று ஏசினார்கள். ஏசியவர்களுக்கு வாய் இருந்தது. வரவு செலவு தெரிந்த மூளை இவரிடம் இருந்தது. அதனால்தான் 1932இல் ஒட்டாவா பொருளாதார மாநாட்டுக்கு இவர் போனார். 1933இல் மத்திய சட்டசபையின் தலைவர் நாற்காலியும் வந்தது. 1934 தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றார். ஏசியவர்களுக்குக் கொண்டாட்டம்! அது எத்தனை நாள்? மறு ஆண்டே கொச்சி சமஸ்தானம் திவானாக அழைத்தது. 1941 வரை அங்கே ஆட்சி நடத்தினார். பொறியாளர் பிரிஸ்டோ உருவாக்கிய துறைமுகம் வளர்ந்த காலம் அது.

1944இல் பிரெட்டன் வுட்ஸ். பன்னாட்டு நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அடித்தளமிட்ட அந்த மாநாட்டில், இந்தியக் குழுவில் ஒரு கோவைக்காரர்!

1947 ஆகஸ்டில் நேரு அமைச்சரவை அமைந்தபோது, காங்கிரஸை எதிர்த்து நின்றவரிடமே நாட்டின் கஜானா வந்தது. நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட். ஏழரை மாதக் கணக்கு: வரவு சுமார் 171 கோடி, செலவு 197 கோடி. பிரிவினையும் அகதிகளும் நெருக்கிய நேரம்; செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவு ராணுவத்துக்கே போயிற்று.

1948 ஆகஸ்டில் பதவி விலகினார். வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட சர்ச்சையே காரணம். அந்த ஒரு செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் பட்ஜெட்டை மறப்பவர்கள் இன்றும் உண்டு. ஏசும் வாய்க்கு வாரிசு குறையவில்லை.

கணக்கைத் தாண்டி, தமிழிசை இயக்கத்தின் முன்வரிசையில் நின்றவரும் இவரே. சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதி வெளியிட்டார். 1953 மே 5 அன்று, 60ஆம் வயதில் காலமானார்.